பழைய ஜீப்புக்குச் சின்ன டர்போ இன்ஜின்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்கள், இன்ஜின் சோர்ந்துபோன பிறகு கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதை இறக்கிவிட்டு 1500 சிசி டர்போ டீசல் ஒன்றைப் போட்டால் என்ன? மலையில் ஜீப் வேலை பார்ப்பவன் என்ற முறையில் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். ஆசை நியாயமான ஆசைதான். ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கவலை இறக்கம்தான். முழுவதும் படிக்க நேரமில்லை என்றாலும் இறக்கம் பற்றிய பதிலையும் ஆர்.சி. பற்றிய பதிலையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் நன்றாக இழுக்கிற ஜீப், குன்னூர் தாண்டியதும் ஏன் திணறுகிறது?

காற்று போதவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். டர்போ இல்லாத இன்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உள்ளே வருகிற காற்றை மட்டும் நம்பி ஓடுகிறது. அதனால் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். எம்.எம். 540 ஜீப்பில் வந்த 2112 சிசி பெஜோ டீசல், புதிதாக இருக்கும்போதே 60 குதிரைத்திறனை ஒட்டித்தான் தரும். ஊட்டி சேரிங்கிராஸில் அது 50-க்கும் கீழே. பல வருஷம் கொழுந்து மூட்டை சுமந்து தேய்ந்த இன்ஜின் என்றால் இன்னும் கீழே.

இழுக்கவில்லை என்றால் டிரைவர் ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்துவார். பம்ப் சமவெளிக்கு வைத்த அளவிலேயே டீசலைக் கொடுக்கும். அதை எரிக்கக் காற்று இருக்காது, பின்னால் கரும்புகை தள்ளும். அப்புறம் மெக்கானிக் பம்பில் டீசலைக் குறைத்து வைப்பார். புகை நிற்கும், கூடவே இழுவையும் போகும்.

ஆனால் திணறல் எல்லாமே உயரத்தால் வருவதில்லை. ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் நான்கையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் சரியாக இருந்தால், பம்பையும் நாசிலையும் கழற்றி நல்ல டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்து வாங்கினாலே வண்டி ஆள் மாறிவிடும். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. இன்ஜின் மாற்றும் செலவோடு பார்த்தால் இது மிகவும் சின்னத் தொகை.

2500 சிசி இன்ஜின் இழுக்காததை 1500 சிசி இன்ஜின் எப்படி இழுக்கும்?

மஹிந்திராவே இதைச் செய்து காட்டிவிட்டது. 2016-இல் வந்த பொலீரோ பவர் பிளஸ்ஸில் பழைய 2523 சிசி இன்ஜினை எடுத்துவிட்டு 1493 சிசி மூன்று சிலிண்டர் டர்போ டீசலைப் போட்டார்கள். பழையதும் அப்போது டர்போதான். 63 குதிரைத்திறனும் 195 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. புதியது சுமார் 70 குதிரைத்திறன், இழுவிசை அதே 195. ஆயிரம் சிசிக்கு மேல் குறைத்தும் இழுவை குறையவில்லை. நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருந்து, டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள் இருந்தால் கலால் வரி குறைவு என்பதுதான் அந்த 1493-க்குக் காரணம்.

டர்போ செய்கிற வேலை எளிமையானது. வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் என்றால் டீசலும் அதிகம் எரிக்கலாம். மலையில் இதற்குக் கூடுதல் பயன் உண்டு. பெஜோ இன்ஜினின் இழுவிசை சமவெளியில் 120 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். ஊட்டியில் அது நூறைத் தொடாது. நல்ல நிலையில் உள்ள டர்போ இன்ஜின் அங்கேயும் தன் 195-ஐ ஒட்டித் தரும். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அது சும்மா கிடைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டருக்குள் இரண்டு மடங்கு வளிமண்டல அழுத்தம் வேண்டும் என்றால், கீழே டர்போ காற்றை இரண்டு மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் 2.6 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். அதனால் அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை வைக்க இடமில்லை, விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஹோஸ் கிளிப் லூஸாக இருந்தால் கோவையில் தெரியாது, லவ்டேல் ஏற்றத்தில் உடனே தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் டர்போ காலை வாருமா?

வாரும், ஓட்டும் பழக்கத்தை மாற்றாவிட்டால். பழைய பெரிய டீசல் இன்ஜின் ஐடிலிங்குக்குச் சற்று மேலேயே இழுக்கத் தொடங்கிவிடும். மூன்றாவது கியரில் திரும்பி, டக் டக் என்று இழுத்துக்கொண்டு மேலே போகிற பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். 1493 சிசி இன்ஜினுக்கு முழு இழுவிசை நிமிஷத்துக்குச் சுமார் 1,400 சுற்றுக்கு மேல்தான். அதற்குக் கீழே டர்போ விழித்திருக்காது. உங்கள் கையில் இருப்பது மெல்லிய காற்றில் ஓடும் வெறும் 1500 சிசி இன்ஜின். வளைவின் நடுவே சுற்று இறங்கிவிட்டால் வண்டி நின்றுவிடும், அல்லது டிரைவர் ஹாஃப் கிளட்ச்சில் பிடித்து இழுப்பார். கிளட்ச் கருகும் வாடை வருவது இப்படித்தான்.

வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு கியர் குறைத்துவிடுங்கள். சுற்றை 1,600, 1,800 அளவில் வைத்துத் திரும்புங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

இறக்கத்தில் என்ன வித்தியாசம்?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் மிகச் சிலரே கேட்கிறார்கள்.

கல்லட்டிப் பாதையை எடுத்துக்கொள்வோம். தலைகுந்தாவில் பிரிந்து மசினகுடியை நோக்கி 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஆட்களும் சாமானுமாக 1,600 கிலோ எடையுள்ள ஜீப் ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெளியாகும் ஆற்றல் நான்கு யூனிட் மின்சாரத்துக்கு மேல். அது அத்தனையும் எங்கோ சூடாக மாறித்தான் ஆக வேண்டும். ஒன்று பிரேக் டிரம்மில், இல்லையென்றால் இன்ஜினில். இன்ஜின் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறதோ அவ்வளவு பிரேக்குக்கு மிச்சம். மலைப்பாதை முழுக்க இறக்கத்தில் இரண்டாவது கியரில் செல்லவும் என்று பலகை வைத்திருப்பதும், போலீஸ் நிறுத்திக் கியரைப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

கால் எடுத்த பிறகு இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தியில் சிசிக்குப் பெரிய பங்கு உண்டு. டர்போ இங்கே உதவிக்கு வராது, ஏனென்றால் டீசல் எரியாதபோது டர்போவைச் சுற்றப் புகையே இல்லை. அதே கியர், அதே சுற்று என்றால், 2523 சிசி இருந்த இடத்தில் 1493 சிசி வந்தபின் உங்களுக்குக் கிடைக்கும் பிடிப்பு ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவு. பெஜோ இன்ஜினில் கம்ப்ரஷனும் அதிகம், டீசல் முதலில் பற்றும் முன்அறைக்குள் காற்றைத் திணித்து எடுக்கிற வேலையும் உண்டு. அதனால் அதை மாற்றியவர்களுக்கும் வித்தியாசம் காலில் தெரியும். ஏறும்போது பறக்கிற வண்டி இறங்கும்போது நழுவுவதுபோல இருக்கும். புது இன்ஜின் ஏற்றத்தில் கொடுத்த தைரியத்தோடு அந்த நழுவலும் சேர்வது நல்லதல்ல.

இதற்குச் செய்ய வேண்டியவை உண்டு. இவற்றை இன்ஜின் வேலைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும், மிதிக்கு வலு சேர்க்கும் வேக்யூம் பூஸ்டரும் முதல் தேவை. பழைய சி.ஜே. மாடல் ஜீப்புகளில் நான்கும் டிரம், பூஸ்டரும் கிடையாது. காலின் பலம் மட்டும்தான். டீசல் இன்ஜினில் பூஸ்டருக்கு வேக்யூம் தானாக வராது, தனி வேக்யூம் பம்ப் வேண்டும். எடுக்கும் இன்ஜினில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்ஜினை வாங்குமுன்பே பாருங்கள். பிரேக் ஆயிலை டாட் 4 தரத்துக்கு மாற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்றுங்கள். நம் மலை ஈரத்தில் பிரேக் ஆயில் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிரம் சூடாகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி, மிதித்த பெடல் எதிர்ப்பே இல்லாமல் கீழே போய்விடும்.

அப்புறம் கியர். முன்பு இரண்டாவதில் இறங்கிய இடத்தில் இனி முதல் கியர் தேவைப்படலாம். இன்ஜின் சத்தம் போடுகிறது என்று பயந்து கியர் ஏற்ற வேண்டாம். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை அந்தச் சத்தம் நல்ல சத்தம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய இன்ஜினுக்கு டீசல் வந்தால் போதும், ஓடிக்கொண்டே இருக்கும். புதியது ஒரு சென்சார் தவறினாலே நின்றுவிடக்கூடும். இறக்கத்தில் இன்ஜின் நின்றால் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் சில மிதிகளுக்குத்தான் வரும். கை பிரேக் சரியாகப் பிடிக்காத ஜீப்பில் இந்த இன்ஜினைப் போட நான் சம்மதிப்பதில்லை.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒத்துக்கொள்வார்களா?

இன்ஜினைத் தேடிப் போகுமுன் இதற்குப் பதில் வாங்குங்கள். நம் வண்டிகளுக்கு ஊட்டி ஆர்.டி.ஓ., டி.என். 43.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இன்ஜின் பழுதாகி, அதே மாடலின் அதே வகை இன்ஜினைப் போடுவது வேறு விஷயம். அதற்கு வழி உண்டு. அனுமதி கேட்டு, மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். வேறு சிசி, வேறு மாடல் இன்ஜின் என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து வந்த வழக்கில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம்.

யாரோ ஒருவர் போட்டு ஓட்டுகிறாரே என்பார்கள். ஓட்டலாம், ஒரு விபத்து நடக்கும்வரை. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின், வண்டியில் இன்னொன்று என்றால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது அதைத்தான். சொந்த வண்டிச் சேதத்துக்கான தொகை கிடைக்காமல் போகலாம். 15 வருஷம் முடிந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதும் இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள்.

ஆகவே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சரி என்று யார் சொன்னாலும் அதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி இல்லை என்று வந்தால் அடுத்த கேள்வியில் உள்ள வழியைப் பாருங்கள்.

அனுமதி கிடைக்காவிட்டால் வேறு வழி என்ன?

உங்கள் ஜீப்பில் இருப்பது 2523 சிசி மஹிந்திரா டி.ஐ. இன்ஜின் என்றால் அதிர்ஷ்டம்தான். அதே குடும்பத்தில் டர்போ வைத்த வடிவமும் பொலீரோவில் வந்திருக்கிறது. அதே நிறுவனம், அதே சிசி. பெல் ஹவுசிங், மவுண்ட் எல்லாம் பெரிய தொல்லை தராது. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டர்போ வடிவம் கிடைத்தால் கம்ப்யூட்டரும் கிடையாது, பழைய வயரிங்கே போதும். இதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆனால் கேட்பதற்கு ஒரு நியாயம் இருக்கும். சிசி குறையாததால் இறக்கத்தில் உள்ள பிடிப்பும் அப்படியே இருக்கும். மலையில் மூட்டை சுமக்கிற ஜீப்புக்கு 1493-ஐவிட நான் இதைத்தான் சொல்வேன்.

இருக்கிற பெஜோ இன்ஜினுக்கே டர்போ மாட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் ஏற்கெனவே மிக அதிகம். டர்போ தாங்கும்படி செய்த பிஸ்டனும் அல்ல, ஹெட் கேஸ்கெட்டும் அல்ல. முதல் மாதம் அருமையாக இழுக்கும். அப்புறம் ரேடியேட்டரில் குமிழி வரும்.

4x4 அப்படியே இருக்குமா?

இதை யோசிக்காமல் வேலையைத் தொடங்கி, ஜீப்பைப் பாதியில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1493 சிசி இன்ஜினோடு வந்த பொலீரோ பவர் பிளஸ் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. அதன் கியர்பாக்ஸ் வாலில், முன்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ் மாட்ட இடமில்லை. பழைய ஜீப்பிலோ டிரான்ஸ்பர் கேஸ் கியர்பாக்ஸின் பின்னாலேயே ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

வழிகள் இரண்டு. புது இன்ஜினைப் பழைய கியர்பாக்ஸோடு சேர்க்க அடாப்டர் தட்டு கடைந்து போடலாம். அப்படிச் செய்தால் 120 நியூட்டன் மீட்டருக்குப் பழகிய பல்சக்கரங்கள் 195-ஐத் தாங்க வேண்டும். சி.ஜே. ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38 என்பதால், டாப் கியரில் போனாலும் இன்ஜின் கத்திக்கொண்டேதான் இருக்கும். இல்லையென்றால் புது இன்ஜினையும் அதன் ஐந்து கியர் பாக்ஸையும் சேர்த்து எடுத்து, டிரான்ஸ்பர் கேஸைத் தனியாகப் பின்னால் நிறுத்தி, நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட் போட வேண்டும். அது நல்ல லேத் கைகள் வேண்டிய வேலை. கோணம் கொஞ்சம் தவறினாலும் அதிர்வு நிற்காது.

ஊட்டி டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிற ஜீப் என்றால் 4x4 போனால் போகட்டும். ஜூலை மழையில் பந்தலூர் பக்கம் தோட்டத்துச் சேற்றில் இலை ஏற்றப் போகிற ஜீப்புக்கு 4x4 இல்லாத டர்போவால் ஒரு பயனும் இல்லை.

பெட்ரோல் டர்போ போடலாமா? 998 சிசி, 1200 சிசி எல்லாம் வருகிறதே?

சுசூகியின் 998 சிசி பூஸ்டர்ஜெட், டாடாவின் 1199 சிசி டர்போ இரண்டுமே நல்ல இன்ஜின்கள். ஆனால் இரண்டும் குறுக்காக உட்கார்ந்து முன்சக்கரத்தை இழுக்கச் செய்யப்பட்டவை. ஜீப்பில் இன்ஜின் நெடுக்காக உட்கார வேண்டும். திருப்பி உட்காரவைக்கக் கியர்பாக்ஸ், சம்ப், மேனிஃபோல்டு எல்லாவற்றுக்கும் புது வழி தேட வேண்டும். சாலை வண்டிக்கு அந்தச் செலவு வீண்.

அப்பாவின் அம்பாசடருக்குச் சின்ன டர்போ இன்ஜின் போடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே காரணம்தான், இதுவும் இன்ஜின் நெடுக்காக உட்காரும் பின்சக்கர வண்டி. அதோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. உத்தர்பாராவில் 2014-இல் உற்பத்தியே நின்றுபோன வண்டி அது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் உள்ளே இருந்தால் அதைப் போர் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் மாற்றி அப்படியே வைத்திருங்கள். மலையில் அது கரும்புகை விடுவதும் பிளக் கருப்பதும் பெரும்பாலும் கார்புரேட்டரால்தான். பெட்ரோலை அளந்து விடும் துளையான ஜெட், சமவெளிக்கு வைத்த அளவில் இருந்தால், மெல்லிய காற்றுக்கு அதிகப் பெட்ரோலைக் கொடுத்துவிடுகிறது. ஜெட்டைச் சின்னதாக மாற்றி டைமிங்கைச் சரிசெய்தால் குன்னூர் ஏற்றத்தில் அதுவே மரியாதையாக ஏறும். இன்னும் சக்தி வேண்டும் என்றால், பின்னாளில் கம்பெனியே போட்ட 1817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜின் இருக்கிறது. அதற்கும் ஆர்.டி.ஓ.விடம் முதலில் எழுதிக் கேளுங்கள். டர்போ இல்லை, ஆனால் அந்த வண்டிக்கே வந்த இன்ஜின்.

செகண்ட் ஹேண்ட் இன்ஜின் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் காகிதம். இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தான நகல் எங்கே, பில் எங்கே? சென்னை புதுப்பேட்டையில் வாங்கினாலும் கோவையில் வாங்கினாலும் இது இல்லாத இன்ஜின் வேண்டாம். திருட்டு வண்டியின் இன்ஜின் உங்கள் ஜீப்பில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்து, இன்ஜினை மட்டும் வாங்காதீர்கள். இ.சி.யூ. எனும் இன்ஜின் கம்ப்யூட்டர், முழு வயரிங், சாவியும் இம்மொபிலைசரும், ஆக்ஸிலரேட்டர் பெடல், மீட்டர் எல்லாம் அதே வண்டியிலிருந்து வர வேண்டும். பெடலுக்கு இப்போது கேபிள் கிடையாது, அதுவும் ஒரு சென்சார்தான். முடிந்தால் ஓடுகிற நிலையில் உள்ள, விபத்தில் அடிபட்ட முழு வண்டியைப் பாருங்கள். ஸ்டார்ட் செய்து கேட்டு வாங்கலாம்.

டர்போவைப் பார்க்க ஏர் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நடுத்தண்டை விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் லேசாக அசையலாம். முன்னும் பின்னும் அசைந்தாலோ, இறக்கை ஓரம் உள்சுவரில் உரசிய கோடு தெரிந்தாலோ அந்த டர்போ முடிந்துவிட்டது. ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது சாதாரணம், தேங்கி நின்றால் சாதாரணமல்ல.

பி.எஸ். 4 என்ற முந்தைய புகை விதிக் காலத்து இன்ஜினாகத் தேடுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ். 6 டீசலில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் இருக்கும். அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். நம் ஊரில் வீட்டிலிருந்து ஃபேக்டரி, ஃபேக்டரியிலிருந்து வீடு என்று ஓடும் வண்டிக்கு அந்த ஓட்டம் கிடைக்காது.

வயரிங் நம் மழைக்குத் தாங்குமா?

தாங்க வைக்கலாம். பழைய ஜீப்பில் டாஷ்போர்டுக்குக் கீழே தண்ணீர் வராத இடமே கிடையாது. விண்ட்ஷீல்டு கீல் வழியாக, கதவு இல்லாத பக்கவாட்டில், தரையிலிருந்து, எல்லா வழியிலும் வரும். தேவாலாவில் ஒரு மழைக்காலம் ஓடிய வண்டியின் கனெக்டரைத் திறந்து பார்த்தால், பித்தளை பின்னின் கழுத்தில் பச்சையாகப் பாசிபோல ஒன்று பூத்திருக்கும். ஐந்து வோல்ட்டில் வேலை செய்யும் சென்சாருக்கு அந்தப் பச்சைப் பூச்சு போதும், இன்ஜின் சக்தி குறைத்துக்கொண்டு லைட் போட்டுவிடும். வண்டி மழையில் மட்டும் தகராறு செய்து, வெயிலில் சரியாகிவிடும். மெக்கானிக் பம்பையும் இன்ஜெக்டரையும் சந்தேகப்பட்டுக் காசைக் கரைப்பார்.

இ.சி.யூ.வை முழங்காலுக்கு மேலே, உள்பக்கமாக, கனெக்டர் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். வயரிங்கில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. கனெக்டர்களின் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் புதிது வாங்குங்கள். எர்த் வயரைப் பெயின்ட் மேல் போல்ட் போடாமல் சுரண்டிச் சேசிஸில் போடுங்கள். பாதித் தகராறு எர்த்தில்தான் இருக்கும்.

தோட்டத்தில் பேரலில் டீசல் வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?

பழைய இன்ஜினுக்குப் பரவாயில்லை. நாம் பேசும் டர்போ இன்ஜின், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பீய்ச்சும் காமன் ரயில் வகை, அதற்குக் கூடாது. ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் டீசலைத் தள்ளும் பம்பும் இன்ஜெக்டரும் அவை. பேரலின் அடியில் நிற்கும் தண்ணீரும் துருவும் உள்ளே போனால், வாங்கிய இன்ஜினின் விலையில் பெரும்பகுதியை இன்ஜெக்டருக்கே திருப்பிச் செலவழிப்பீர்கள். பங்க்கில் நேராக நிரப்புங்கள். ஜீப்பின் பழைய டேங்கைக் கழற்றி உள்ளே துரு பார்க்காமல் புது இன்ஜினுக்கு லைன் கொடுக்காதீர்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரைக் கட்டாயம் போடுங்கள், அதன் அடியில் உள்ள திருகை மாதம் ஒருமுறை திறந்துவிடுங்கள்.

மலையில் குளிர்தானே, பழைய ரேடியேட்டர் போதாதா?

குளிர் உதவும், உயரம் உதவாது. ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்கு வெயிட் என்ன செய்கிறதோ அதைத்தான் ரேடியேட்டர் மூடி செய்கிறது, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை ஏற்றுகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் சமவெளியைவிட இங்கே சீக்கிரம் பொங்கிவிடும். டர்போ இன்ஜினோடு அதற்கான ரேடியேட்டரையும் ஃபேனையும் சேர்த்தே மாட்டுங்கள். இன்டர்கூலர் முன்னால் நின்று காற்றை மறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள்.

டிசம்பர், ஜனவரி காலையில் ஸ்டார்ட் ஆகுமா?

பழையதைவிட நன்றாகவே ஆகும். தலைகுந்தாவில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும் காலையில், பெஜோ இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக்கைப் பலமுறை போட்டு, அதுவும் ஆகாமல் இறக்கத்தில் தள்ளிவிடுவார்கள். காமன் ரயில் இன்ஜின் நல்ல பேட்டரி இருந்தால் ஒரே பிடியில் எழும். பேட்டரி சோர்ந்தால்தான் கஷ்டம். வோல்டேஜ் குறைந்தால் இ.சி.யூ. விழிக்காது, தள்ளினாலும் எழாது.

மூன்று சிலிண்டர் என்றால் அதிர்வு இருக்குமா?

இருக்கும். அதே இன்ஜினுக்கு வந்த ரப்பர் மவுண்டையே போடுங்கள். பழைய ஜீப் மவுண்டில் உட்காரவைத்தால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெரியாது.

சிசி குறைந்தால் இன்ஷூரன்ஸ் குறையுமா?

2022 ஜூனில் வந்த கட்டணப்படி மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். ஆனால் அவர்கள் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள சிசியை. ஆர்.சி. மாறாமல் இந்தத் தொகை மாறாது.

டீசல் வண்டிக்கு 10 வருஷம்தான் ஆயுள் என்கிறார்களே, இவ்வளவு செலவு செய்யலாமா?

அது டெல்லிக்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் வந்த விதி. இங்கே தனியார் வண்டிக்கு 15 வருஷம், அப்புறம் தகுதி பார்த்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம், பசுமை வரி கட்ட வேண்டும்.

மாற்றிய பிறகு பராமரிப்பில் என்ன மாற வேண்டும்?

ஆயில்தான். டர்போவின் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுற்றுகிறது. அந்த இன்ஜினுக்குச் சொல்லப்பட்ட தரத்தில் ஆயில் ஊற்றுங்கள், சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள். மலையில் ஓடும் கிலோமீட்டர் குறைவு, ஆனால் இன்ஜின் படும் பாடு அதிகம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரே மூச்சில் ஏறி வந்து, சிம்ஸ் பார்க் பக்கம் நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விடுங்கள். சூடாக இருக்கும் டர்போவுக்கு ஆயில் வரத்து நின்றால், உள்ளே இருக்கும் ஆயில் கருகிக் கரியாகப் படியும். காலையிலும் அப்படித்தான், ஸ்டார்ட் ஆனதும் உறுமவிடாமல் அரை நிமிஷம் பொறுங்கள்.

வேலை முடிந்ததும் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

முதலில் பாரம் இல்லாமல், பகலில், மழை இல்லாத நாளில் கோத்தகிரி - மேட்டுப்பாளையம் பாதையில் இறங்குங்கள். ஏற்றத்தைச் சோதிக்க அவசரமில்லை, அது நன்றாகத்தான் இருக்கும். பாதி வழியில் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுட்டால் அந்த பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெடல் உயரம் கிளம்பும்போது இருந்ததைவிடக் கீழே போயிருந்தால் அங்கேயே ஆறவிட்டு, மெதுவாகக் கீழே போய் முதல் வேலையாகப் பிரேக்கைத் திறந்து பாருங்கள். கீழே போனதும் ஹோஸ், கூலன்ட், ஆயில் கசிவு எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி ஏறுங்கள். பாரம் ஏற்றி இதே பாதையில் இறங்கி, பெடலும் சக்கரமும் சரியாக இருந்தால் மட்டும் கல்லட்டிப் பக்கம் கொண்டுபோங்கள், அதுவும் முதல் கியரில்.